விமானத்தின் வேக எல்லைகளை வரைபடமாக்குவது எப்படி: வி-என் வரைபடத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தலைக்கு மேலே டோர்னியர் விமானம் பறப்பது புதிதல்ல. கீழக்கரை, மண்டபம், ராமநாதபுரம் பக்கமிருந்து விமானப் பொறியியல் படிக்கப் போகிறவர்களும் கூடிக்கொண்டே வருகிறார்கள். விடுமுறையில் வரும் அவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது, அதிகம் தடுமாறும் இடம் வி-என் வரைபடம்தான். சூத்திரங்கள் எல்லாருக்கும் தெரிகின்றன. எதை முதலில் போடுவது, எதை எதிலிருந்து எடுப்பது என்பதில்தான் சிக்குகிறார்கள்.

கிடைமட்ட அச்சில் வேகம், செங்குத்து அச்சில் சுமைக் காரணி. சுமைக் காரணி என்பது தூக்குவிசையை எடையால் வகுத்தால் வருவது. விமானி 'இத்தனை ஜி' என்று சொல்வது இதைத்தான். இந்த இரண்டுக்கும் நடுவே, விமானம் பாதுகாப்பாக இருக்கக்கூடிய இடத்தைக் கோடு போட்டு அடைப்பதுதான் வேலை. ஒரு சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு முழுக்கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆறு எண்கள் வேண்டும். நம் மாதிரி விமானத்துக்கு இவற்றை எடுத்துக்கொள்வோம்: முழுச்சுமையோடு நிறை 750 கிலோ, இறக்கைப் பரப்பு 12 சதுர மீட்டர், இறக்கையின் சராசரி அகலம் 1.3 மீட்டர், உச்சத் தூக்குக் கெழு (இறக்கையின் தூக்கும் திறனைக் காட்டும் எண்) 1.5, தலைகீழ்ப் பக்கத்தில் அதே கெழு 1.0, தாக்குகோணம் (இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம்) ஒரு ரேடியன் கூடினால் தூக்குக் கெழு கூடும் அளவு 4.9. கடல்மட்டக் காற்றடர்த்தியை வழக்கம்போல 1.225 என்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றோடு எந்த விதியின்படி வரைகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதி 23-ஐ 2017-இல் மாற்றி எழுதிவிட்டார்கள். எண்களை விட்டுவிட்டு நோக்கத்தை மட்டும் சொல்லும் வடிவம் அது. கற்றுக்கொள்ள அதற்கு முந்தைய வடிவம்தான் நல்லது. ஒவ்வொரு கோட்டுக்கும் அதில் எண் இருக்கிறது. கீழே வரும் எல்லாம் அந்தப் பழைய வடிவத்தின் 'நார்மல்' வகைக்கானவை, அதாவது சாகசத்துக்கு அல்லாத சாதாரணச் சிறு விமானங்களுக்கானவை.

பெரும்பாலோர் செய்யும் பிழை இங்கேயே தொடங்கிவிடுகிறது. தாண்டவே கூடாத வேகத்தை வேறொரு விமானத்தின் கையேட்டிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி வளைக்கிறார்கள். அந்த எண் கணக்கின் கடைசியில் வருவது. தொடக்கம் எப்போதும் எடை.

2. எந்த வேகம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

கட்டமைப்புக்குத் தெரிவது காற்றின் இயங்கு அழுத்தம் மட்டும். அது அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் சேர்த்து வருவது. அதனால் கிடைமட்ட அச்சில் உண்மை வேகத்தைப் போடக் கூடாது; கடல்மட்ட அடர்த்திக்குச் சமப்படுத்திய வேகத்தைப் போட வேண்டும். சிறு விமானத்தின் வேகத்திலும் உயரத்திலும், வேகமானியின் பிழையைத் திருத்திய எண் ஏறக்குறைய இதற்குச் சமம்.

10,000 அடி உயரத்தில் சமப்படுத்திய வேகம் 98 நாட் என்றால் உண்மை வேகம் சுமார் 114 நாட். இறக்கைக்கு இரண்டும் ஒன்றே. 114-ஐ எடுத்து வரைபடத்தில் போட்டால் சுமை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியதாகத் தப்பாகக் காட்டும். ஃப்ளட்டர் என்ற தானே வளரும் ஆட்டம் மட்டும் உண்மை வேகத்தையும் பார்க்கும். அது 6-ஆம் படியில் வருகிறது.

அலகையும் இங்கேயே பூட்டிவிடுங்கள். கணக்கை மீட்டர், விநாடி, கிலோவில் போடுங்கள். முடிவை மட்டும் நாட்டுக்கு மாற்றுங்கள். 1 நாட் என்பது விநாடிக்கு 0.5144 மீட்டர்.

3. ஸ்டால் வளைவை வரையுங்கள்

தாக்குகோணம் அளவுக்கு மீறிப்போய் இறக்கை தூக்குவிசையை இழப்பதுதான் ஸ்டால். முதல் கோடு இது. ஏனென்றால் இதற்கு எந்த விதியும் தேவையில்லை, இயற்பியல் மட்டும் போதும்.

ஸ்டால் வேகம் = √(2 × நிறை × 9.81 ÷ (அடர்த்தி × பரப்பு × உச்சத் தூக்குக் கெழு))

நம் எண்களைப் போட்டால் விநாடிக்கு 25.8 மீட்டர், அதாவது சுமார் 50 நாட். இது 1 ஜி-யில் உள்ள ஸ்டால் வேகம். வேகம் இதைப்போல இரு மடங்கானால் இறக்கை தரக்கூடிய தூக்குவிசை நான்கு மடங்கு. ஆக, ஒவ்வொரு சுமைக் காரணிக்கும் ஸ்டால் வேகம் அதன் வர்க்கமூலத்தால் பெருகும்: 2 ஜி-யில் 71 நாட், 3 ஜி-யில் 87, 3.8 ஜி-யில் 98.

இந்தப் புள்ளிகளை இணைத்தால் மேல்நோக்கி வளையும் கோடு கிடைக்கும். அது பூச்சியத்தில் தொடங்கும் பரவளைவு, நேர்கோடாக இணைத்துவிடாதீர்கள். இந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் விமானத்தால் போகவே முடியாது. எவ்வளவு இழுத்தாலும் உடைவதற்கு முன்னே ஸ்டால் ஆகிவிடும்.

கீழ்ப்பக்கத்துக்கும் இதே வேலைதான். கெழு 1.0 என்பதால் எதிர் 1 ஜி-யில் சுமார் 61.5 நாட், எதிர் 1.52 ஜி-யில் 76 நாட். கீழ்ப்பக்கத்தை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. தாங்குகம்பி வைத்த மேல்இறக்கை விமானத்தில் சாதாரணமாக இழுவிசையில் இருக்கும் கம்பி, எதிர்ச் சுமையில் அமுக்குவிசைக்கு மாறுகிறது. நீளமான மெல்லிய கம்பி அமுக்கத்தில் வளைந்துபோகும் இயல்புடையது. ஆகவே கீழ்ப்பக்கத்தின் எண் சிறியதாக இருந்தாலும் அதையும் சரியாகப் போட வேண்டும்.

4. சுமையின் மேல் எல்லையும் கீழ் எல்லையும்

விதியின் சூத்திரம்: 2.1 + 24,000 ÷ (எடை + 10,000). எடை பவுண்டில். மேல் உச்சம் 3.8, அதைத் தாண்டி வந்தால் 3.8 போதும்.

750 கிலோ என்பது 1,653 பவுண்டு. சூத்திரம் 4.16 தருகிறது, நாம் 3.8 எடுத்துக்கொள்கிறோம். கீழ் எல்லை அதில் 0.4 பங்கு, அதாவது எதிர் 1.52. சுமார் 6,400 கிலோ எடையுள்ள டோர்னியர் 228 மாதிரி ஒன்றுக்கு இதே சூத்திரத்தைப் போட்டால் சுமார் 3.1 வரும். பெரிய விமானம் மெதுவாகத்தான் திரும்பும், விமானியும் அதைக் குலுக்கி ஓட்டமாட்டார் என்பதால் எல்லை குறைகிறது. பெரிய பயணிகள் விமானத்துக்கு அது 2.5 வரை இறங்கும். அதை வலுக்குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த 3.8 என்பது வரம்புச் சுமை. விமானத்தின் ஆயுளில் எப்போதாவது வரக்கூடும் என்று எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமை. அந்தச் சுமை வந்து போனபின் எந்தப் பாகமும் நிரந்தரமாக வளைந்திருக்கக் கூடாது. உடைவதற்கான எண் வேறு. 9-ஆம் படியில் பார்ப்போம். இரண்டையும் குழப்பி, 3.8-ஐ முதலிலேயே 1.5-ஆல் பெருக்கி வரைபடத்தில் 5.7-இல் கோடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் கீழே வரும் வேகங்கள் அத்தனையும் தப்பாகும்.

5. வி-ஏ: ஸ்டால் வளைவும் மேல் எல்லையும் சந்திக்கும் இடம்

வளைவு 3.8-ஐத் தொடும் இடம் 98 நாட். இதுதான் வி-ஏ. இதற்குக் கீழே எலிவேட்டரை (மூக்கை மேலே தூக்கும் வால் பலகை) முழுதாக இழுத்தாலும் 3.8 வருவதற்குள் இறக்கை ஸ்டால் ஆகிவிடும். இதற்கு மேலே ஸ்டால் காப்பாற்றாது. விமானியின் கைதான் காப்பாற்ற வேண்டும்.

இதில் இரண்டு தவறான புரிதல்கள் உண்டு. இரண்டுமே ஆபத்தானவை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலாவது எடை. எடை குறைந்தால் விமானம் வலுவாகிவிடும், வி-ஏ கூடும் என்றுதான் எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். நடப்பது எதிர்ப்பக்கம். ஒரு ஆள் மட்டும் ஏறி, எரிபொருளும் குறைந்து, நிறை 600 கிலோ ஆகிவிட்டது என்று வையுங்கள். ஸ்டால் வேகம் 45 நாட்டாக இறங்கும். வி-ஏ சுமார் 87.5 நாட். பழைய 98 நாட்டையே நம்பி முழுதாக இழுத்தால் கிட்டத்தட்ட 4.8 ஜி வரும். இறக்கையின் மேல் மொத்த விசை கூடவில்லை, உண்மைதான். ஆனால் என்ஜினைப் பிடித்திருக்கும் சட்டம், பேட்டரித் தட்டு, இருக்கையின் போல்ட்டு ஆகியவற்றின் எடை குறையவில்லையே! அவற்றுக்கு 3.8-க்குப் பதில் 4.8 மடங்கு சுமை. செஸ்னா 172எஸ் கையேட்டில் 2,550 பவுண்டுக்கு 105 நாட், 2,200-க்கு 98, 1,900-க்கு 90 என்று வி-ஏ இறங்கிக்கொண்டே வருவது இதனால்தான்.

இரண்டாவது, வி-ஏ-வுக்குக் கீழே என்ன செய்தாலும் உடையாது என்ற நம்பிக்கை. வடிவமைப்பு விதி பார்ப்பது ஒரு அச்சில், ஒரு திசையில், ஒரு தடவை முழுதாகக் கொடுக்கும் உதையை மட்டும். ஒரு பக்கம் முழுதாக மிதித்து, உடனே மறுபக்கம், திரும்ப இந்தப் பக்கம் என்று மாற்றினால் அந்தக் கணக்கு செல்லாது. 2001 நவம்பர் 12-ஆம் தேதி நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விபத்துக்குள்ளானது. 265 பேர் இறந்தார்கள். முன்னே போன பெரிய விமானத்தின் சுழல்காற்றில் மாட்டியதும் ரடரை (வாலில் உள்ள திருப்புப் பலகை) மாறி மாறி மிதித்ததில் ஏர்பஸ் ஏ300-600-இன் செங்குத்து வால் முழுதாகப் பிய்ந்துபோனது. அப்போது விமானம் வி-ஏ-வுக்குக் கீழேதான் பறந்தது. வாலில் விழுந்த சுமை வடிவமைப்பின் உச்சச் சுமையைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகு, 2010-இல், பெரிய விமானங்களின் கையேட்டில் இந்த எச்சரிக்கையைத் தெளிவாக எழுத வேண்டும் என்று விதி வந்தது.

ஆகவே வரைபடத்தில் வி-ஏ புள்ளியைக் குறிக்கும்போது பக்கத்திலேயே எடையை எழுதுங்கள். எடை இல்லாத வி-ஏ எண் எதற்கும் உதவாது.

6. வி-சி, வி-டி: வலப்பக்கத்துச் சுவர்

வி-சி என்பது வடிவமைப்புப் பயண வேகம். விதி சொல்லும் குறைந்தபட்சம்: 33 × √(இறக்கைச் சுமை). இறக்கைச் சுமை என்பது எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தது; இங்கே சதுர அடிக்கு இத்தனை பவுண்டு என்ற அலகில். நமது 62.5 கிலோ/சதுர மீட்டர் என்பது 12.8. கணக்கு 118 நாட் தருகிறது. என்ஜின் பலம் குறைந்த விமானமாக இருந்தால், மட்டமாகப் பறந்து எட்டக்கூடிய உச்ச வேகத்தில் 0.9 பங்குக்கு மேல் எடுக்கத் தேவையில்லை.

வி-டி என்பது வடிவமைப்புப் பாய்ச்சல் வேகம்: குறைந்தபட்ச வி-சி-யைப் போல 1.4 மடங்கு. நமக்கு 165 நாட். இங்கே ஒரு நிமிர்ந்த கோடு போடுங்கள்.

மேல் கோடு 3.8-இலேயே வி-டி வரை போகும். கீழ்க்கோடு எதிர் 1.52-இல் வி-சி வரை போய், அங்கிருந்து சாய்வாக ஏறி வி-டி-யில் பூச்சியத்தில் முடியும். 'நார்மல்' வகைக்கு இந்தச் சாய்வு பூச்சியத்தில் முடிகிறது. சாகச விமானத்துக்கு எதிர் 1 ஜி-யில் முடியும்.

இந்தச் சுவர் ஏன் நிமிர்ந்து நிற்கிறது? 1 ஜி-யில் நேராகப் பறந்தாலும் வேகம் மட்டுமே விமானத்தை உடைக்க முடியும் என்பதால்தான். இறக்கையின் வளைவும் முறுக்கும் காற்றிலிருந்து சக்தியை வாங்கி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டால் சில விநாடிகளில் பாகம் பிய்ந்துவிடும். அதுதான் ஃப்ளட்டர். 1959-இலும் 1960-இலும் அமெரிக்காவில் இரண்டு லாக்ஹீட் எலெக்ட்ரா விமானங்களின் இறக்கைகள் நடுவானில் பிய்ந்தன. என்ஜினைத் தாங்கும் அமைப்பு தளர்ந்து, ப்ரொப்பெல்லரின் சுழலாட்டம் இறக்கையின் ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டதே காரணம். இதில் சுமைக் காரணிக்கு வேலையே இல்லை. இதனால்தான் வி-டி-யின் 1.2 மடங்கு வரை ஃப்ளட்டர் வராது என்று கணக்கில் காட்டச் சொல்கிறார்கள்.

7. காற்றின் அடி: கஸ்ட் கோடுகள்

எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் அதிகம் குழம்புவது இங்கேதான். அதற்குக் காரணமும் புரிகிறது. ஆடி மாதக் கச்சான் காற்றில் வளர்ந்தவர்களுக்குக் காற்று என்றாலே கிடையாக அடிப்பது. "சார், பாம்பன்ல காத்து 58 கிலோமீட்டரைத் தாண்டினா ரயிலையே நிறுத்திருவாங்களே, அப்ப பிளேனுக்கும் அதே மாதிரி லிமிட்டைக் குறைக்கணும்ல?" என்று கேட்பார்கள்.

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் அந்த விதி சரி. பாலம் தரையில் நிற்கிறது. ஒரே சீராக அடிக்கும் காற்றும் அதற்குச் சுமைதான். பறக்கும் விமானமோ அந்தக் காற்றுக்குள்ளேயே நகர்கிறது. சீரான காற்று 60 கி.மீ. வேகத்தில் எந்தத் திசையில் அடித்தாலும் இறக்கைக்கு ஒரு கிலோ கூடச் சுமை கூடாது. தரையைக் கடக்கும் வேகம் மட்டும் மாறும். இறக்கையை அடிப்பது காற்றின் *மாற்றம்*. அதிலும் மேலாகவோ கீழாகவோ திடீரென வீசும் காற்று. வெயில் ஏறிய மணல் திட்டுக்கும் குளிர்ந்த கடலுக்கும் நடுவே, இடிமேகத்துக்குப் பக்கத்தில், பெரிய விமானத்தின் பின்னால் இப்படிப்பட்ட காற்று இருக்கும்.

விதி வி-சி-யில் விநாடிக்கு 50 அடி, அதாவது 15.24 மீட்டர், வி-டி-யில் அதில் பாதி என்று எடுக்கச் சொல்கிறது. 15.24 மீட்டர் என்பது மணிக்கு 55 கி.மீ. பாம்பன் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம். இது நிமிர்ந்து மேலே வீசும் காற்று.

கணக்கின் கரு எளிது. மேல்நோக்கி வீசும் காற்றில் நுழைந்ததும் தாக்குகோணம், காற்றின் வேகத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்த அளவுக்குக் கூடுகிறது. தூக்குவிசையோ வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. இரண்டையும் பெருக்கும்போது ஒரு வேகம் நீங்கிவிட, கூடும் சுமை விமானத்தின் வேகத்துக்கு நேர்விகிதமாகிறது. ஆகவே கஸ்ட் கோடு *நேர்கோடு*. அது பூச்சியத்திலிருந்து தொடங்காது. சுமைக் காரணி 1-இலிருந்து தொடங்கும், ஏனென்றால் காற்று அடிப்பதற்கு முன் விமானம் 1 ஜி-யில் பறந்துகொண்டிருந்தது. பூச்சியத்திலிருந்து வரைவதுதான் நான் அதிகம் திருத்தும் பிழை.

கூடும் சுமை = அடர்த்தி × வேகம் × காற்றின் வேகம் × 4.9 × தணிப்புக் காரணி ÷ (2 × இறக்கைச் சுமை × 9.81)

தணிப்புக் காரணி எதற்கு? காற்று ஒரே நொடியில் முழு வேகத்தில் அடிப்பதில்லை; விமானமும் அதற்குள் கொஞ்சம் மேலெழுந்துவிடுகிறது. முதலில் நிறை விகிதம்: 2 × 62.5 ÷ (1.225 × 1.3 × 4.9) = 16. பிறகு 0.88 × 16 ÷ (5.3 + 16) = 0.66.

வி-சி-யில், விநாடிக்கு 60.7 மீட்டர் வேகத்தில், கூடும் சுமை கிட்டத்தட்ட 3.0. மேலே வீசினால் +4.0, கீழே வீசினால் எதிர் 2.0. வி-டி-யில் கூடுவது 2.1, ஆக +3.1, எதிர் 1.1.

இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். வி-சி-யில் கஸ்ட் கோடு 3.8-ஐத் தாண்டி நிற்கிறது. கீழேயும் எதிர் 1.52-ஐத் தாண்டிவிட்டது. 'கணக்கில் எங்கேயோ தப்பு' என்று இந்த இடத்தில் அழித்துவிடுகிறவர்கள் உண்டு. தப்பு ஒன்றும் இல்லை. இறக்கைச் சுமை குறைவான சிறு விமானத்தில் விமானியின் கையை விடக் காற்றின் அடிதான் பெரியது என்று வரைபடம் சொல்கிறது. இறக்கையை 3.8-க்கு மட்டும் கட்டினால் போதாது, மேலே 4.0, கீழே 2.0 வரை வரம்புச் சுமையாக எடுக்க வேண்டும். எங்கெங்கே எந்தக் கோடு வெளியே நிற்கிறதோ அதை எடுத்து இணைத்தால் வருவதுதான் இறுதி எல்லை.

இன்னொரு பயனும் உண்டு. இந்தக் கஸ்ட் கோடு ஸ்டால் வளைவை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள்: சுமார் 92 நாட், 3.35 ஜி. அதற்குக் கீழே அதே காற்று அடித்தால் இறக்கை ஒரு கணம் ஸ்டால் ஆகும், சுமை அதற்கு மேல் ஏறாது. ஆட்டமான காற்றில் வேகத்தைக் குறைக்கச் சொல்வதன் காரணம் இந்த வெட்டுப்புள்ளி. ரொம்பவும் குறைத்து ஸ்டால் வேகத்துக்குப் பக்கத்தில் போனாலும் வேறு ஆபத்து.

8. குறைந்த எடைக்கு முழுதும் திரும்ப வரையுங்கள்

ஒரே எடைக்கு வரைந்துவிட்டு முடித்துவிடாதீர்கள். 600 கிலோவுக்கு 3-ஆம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். வி-சி-யையும் வி-டி-யையும் மட்டும் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்ளலாம். இறக்கைச் சுமை 50, நிறை விகிதம் 12.8, தணிப்புக் காரணி 0.62. வி-சி-யில் கூடும் சுமை 3.5, மொத்தம் 4.5 ஜி.

பாரம் ஏற்றிய வள்ளத்தை விட வெறும் வள்ளம் அலையில் அதிகம் துள்ளும். இங்கே நடப்பதும் அதுதான்.

இறக்கையின் மேல் வரும் மொத்த விசையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முழு எடையில் 4.0 × 750, அதாவது 3,000 கிலோ. குறைந்த எடையில் 4.5 × 600, ஏறக்குறைய 2,700 கிலோ. இறக்கைக்கு முழு எடைதான் மோசம். என்ஜின் சட்டத்துக்கும் இருக்கைக்கும் குறைந்த எடை மோசம். ஒரே விமானத்தின் வெவ்வேறு பாகங்களை வெவ்வேறு வரைபடங்கள் ஆள்கின்றன. எந்தப் பாகத்தை எந்த எடை ஆள்கிறது என்று ஒரு சிறு அட்டவணை போட்டு வைப்பது பிற்பாடு நிறைய நேரம் மிச்சப்படுத்தும்.

9. இப்போதுதான் 1.5

வரம்புச் சுமையை 1.5-ஆல் பெருக்கினால் உச்சச் சுமை. நமக்கு 4.0 × 1.5 = 6.0. இந்தச் சுமையைக் கட்டமைப்பு குறைந்தது 3 விநாடி உடையாமல் தாங்க வேண்டும். வளைந்துபோனால் பரவாயில்லை, உடையக் கூடாது.

'அப்படியானால் 6 ஜி வரை போகலாம்தானே' என்ற கேள்வி தவறாமல் வரும். போகக் கூடாது. அந்த ஒன்றரை மடங்கில் உள்ள கூடுதல் ஏற்கெனவே செலவாகிவிட்டது: உலோகத்தின் பலம் தகட்டுக்குத் தகடு மாறுவது, ரிவெட் அடிப்பதில் வரும் வித்தியாசம், கணக்கில் எடுத்த எளிமைகள், விதி எதிர்பார்த்ததை விடப் பலமான காற்று. இவை அத்தனைக்கும் சேர்த்துத்தான் அது. பெரிய நிறுவனங்கள்கூட இந்த எண்ணுக்கு மேல் அதிகம் விட்டுவைப்பதில்லை. விட்டால் எடை கூடும். 1995-இல் போயிங் 777-இன் இறக்கையைச் சோதனையில் உடைத்தபோது வரம்புச் சுமையின் 154 சதவீதத்தில் உடைந்தது. 2006-இல் ஏர்பஸ் ஏ380-இன் சோதனை இறக்கை 1.45 மடங்கிலேயே உடைந்து, வலுவூட்ட வேண்டியதாயிற்று. உங்களுக்கென்று ஒளித்து வைத்த பலம் எந்த இறக்கையிலும் இல்லை.

எங்கள் கரையில் வேலை பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த 1.5 கணக்கு, வரைபடத் தாளில் உள்ள தகட்டுக் கனத்துக்குப் போட்டது. உப்புக் காற்று அலுமினியத்தில் நுண்குழிகள் போடும். ஒவ்வொரு குழியும் விரிசலின் தொடக்கமாகலாம். 1988 ஏப்ரல் 28-ஆம் தேதி ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் 243-இன் மேற்கூரை பறக்கும்போதே பிய்ந்தது. தீவுக்குத் தீவு குறுகிய பயணங்கள், 89,000-க்கு மேற்பட்ட ஏற்ற இறக்கங்கள், கடல் காற்று. ஒட்டிய இணைப்புகள் விட்டுப்போய், ரிவெட் துளைகளில் விரிசல் பரவியிருந்தது. அந்த விமானம் எந்த வேக எல்லையையும் தாண்டவில்லை. நன்னீரில் கழுவுவது, துரு பார்ப்பது, வடிகால் துளைகளை அடைபடாமல் வைப்பது எல்லாம் இந்த வரைபடத்தைக் காப்பாற்றும் வேலைகள்தான்.

10. வேகமானிக்கு மாற்றுவது

தாண்டவே கூடாத வேகம் வி-டி-யின் 0.9 பங்கு: சுமார் 149 நாட். அங்கே சிவப்புக் கோடு. வி-டி-யையே சிவப்புக் கோடாகப் போடுவது தவறு. கவனம் சிதறி வேகம் கொஞ்சம் தாண்டிப்போனாலும் மீள இடம் வேண்டும். பறந்து காட்டிய வேகம் வி-டி-யை விடக் குறைவு என்றால் அந்தக் குறைந்த எண்ணின் 0.9 பங்குதான்.

பச்சை வளைவின் (வழக்கமாகப் பறக்கும் வேகங்கள்) மேல்முனை, வி-சி-க்கும் சிவப்புக் கோட்டின் 0.89 பங்குக்கும் மேல் போகக் கூடாது. நமக்கு 118, 132 என்று வருகின்றன; சிறியது 118. அதிலிருந்து 149 வரை மஞ்சள், ஆட்டமில்லாத காற்றில் மட்டும். ஏன் என்பது 7-ஆம் படியில் இருக்கிறது: 118-க்கு மேலே 50 அடிக் காற்றுக்குக் கட்டமைப்பு பொறுப்பேற்கவில்லை.

வெள்ளை வளைவு ஃப்ளாப்புக்கு, அதாவது மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் பலகைக்கு. ஃப்ளாப் இறக்கினால் தூக்குக் கெழு 2.0 ஆகிறது என்று வையுங்கள். ஸ்டால் வேகம் 43.5 நாட். ஃப்ளாப் வேகம், சாதாரண ஸ்டால் வேகத்தின் 1.4 மடங்கு, ஃப்ளாப் இறக்கிய ஸ்டால் வேகத்தின் 1.8 மடங்கு ஆகிய இரண்டில் பெரியதற்குக் குறையக் கூடாது. 70-உம் 78-உம் வருகின்றன, 78-ஐ எடுங்கள். ஃப்ளாப் இறங்கியிருக்கும்போது சுமை எல்லை 2.0 ஜி மட்டுமே. இதைத் தனி வரைபடமாகப் போடுவது நல்லது. பெரியதற்குள்ளேயே போட்டால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படிக்க முடியாமல் போகும்.

வி-ஏ-வுக்கு வேகமானியில் நிறம் கிடையாது. எடைக்கு எடை மாறுவதால் அதைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தனித் தகட்டிலோ கையேட்டு அட்டவணையிலோதான் கொடுக்க முடியும்.

11. தாளை நீட்டும் முன்

ஸ்டால் வளைவு 1 ஜி-யில் 50 நாட்டைத் தொடுகிறதா? கஸ்ட் கோடுகள் நான்கும் சுமைக் காரணி 1-இல் ஒன்று சேர்கின்றனவா? இறுதி எல்லை ஒவ்வொரு இடத்திலும் வெளிக்கோட்டை எடுத்திருக்கிறதா? அச்சில் சமப்படுத்திய வேகம் என்று எழுதியிருக்கிறதா? 1.5 எங்கும் உள்ளே நுழையவில்லையே?

அப்புறம் தாளின் மூலையில் நான்கு விவரங்கள்: எடை, உயரம், ஃப்ளாப் நிலை, எந்த விதி. அடுத்து வரைபவர் எடையை 700 கிலோ என்று மாற்றினால் எந்தெந்தக் கோடு நகரும் என்பது இவற்றைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும்.